நோட்டீஸ் வருவதற்கு முன்

நில எடுப்பு நோட்டீஸ் ஒரு ஊருக்குள் வந்ததும் டீக்கடையில் எழும் முதல் கேள்வி, "சென்ட்டுக்கு எவ்வளவு போடுவாங்க?" என்பதுதான். நில எடுப்புப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் நான். என்னைக் கேட்டால் அது இரண்டாவதாக வர வேண்டிய கேள்வி. முதலில் கேட்க வேண்டியது, "நிலம் யார் பேரில் இருக்கிறது?" என்பது. தொகையை அரசு முடிவு செய்யும். அந்தத் தொகை யார் கைக்குப் போகும், எப்போது போகும் என்பதை நம் குடும்பங்கள்தான், நோட்டீஸ் வருவதற்குப் பல வருடம் முன்பே முடிவு செய்துவிடுகின்றன.

விசாரணை நாளில் வட்டாட்சியர் அலுவலக வராண்டாவில் அடிக்கடி பார்த்த காட்சி இது. அண்ணன், தம்பி இருவரும் வந்திருப்பார்கள். பட்டா இன்னும் தாத்தா பேரில் இருக்கும். தகப்பனார் காலத்தில் ஊர்ப் பெரியவர்களை வைத்து எழுதிய கூர்சீட்டு ஒன்று, மடிப்பெல்லாம் கிழிந்து, பிளாஸ்டிக் பைக்குள் இருக்கும். அதன்படி கிணறு உள்ள மேல்புறம் அண்ணனுக்கு, தென்னை உள்ள கீழ்புறம் தம்பிக்கு. வரப்பு போட்டு, ஆளுக்கொரு பக்கமாக உழுது, நாற்பது வருடம் சண்டை இல்லாமல் வாழ்ந்திருப்பார்கள். இப்போது சாலை கீழ்புறம் வழியாக மட்டும் போகிறது. 'அ' பதிவேட்டில் உட்பிரிவு ஆகவில்லை. புல எண் முழுவதும் ஒரே பேரில் நிற்கிறது. "போறது என் பாகம், பணம் எனக்கு" என்பார் தம்பி. "பட்டா பொது, பணமும் பொது" என்பார் அண்ணன். இதைத் தீர்க்கும் அதிகாரம் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு இல்லை. உரிமையில் தகராறு என்றால் தொகையை அதற்கான ஆணையத்தில் டெபாசிட் செய்துவிடச் சொல்கிறது சட்டம். பணம் அங்கே கிடக்கும், நிலம் கையை விட்டுப் போய்விடும், வழக்கு பிள்ளைகள் காலம்வரை நடக்கும்.

நாற்பது வருடம் நிலைத்த உறவு பாழானதற்குக் காரணம், அப்பா இறந்த வருடமே வாரிசுச் சான்று வாங்கி, பாகப்பிரிவினையைப் பதிவு செய்து, சர்வேயரைக் கூட்டிவந்து அளந்து உட்பிரிவு செய்யாமல் விட்டது. அதற்கு ஆகியிருக்கக்கூடிய செலவு ஒரு கெடாவெட்டுச் செலவுகூட இராது.

இனி தொகைக்கு வருகிறேன். 1894இல் வெள்ளைக்காரன் போட்ட நில எடுப்புச் சட்டம்தான் 2013 வரை நம்மை ஆண்டது. மனமில்லாமல் நிலம் கொடுப்பவனுக்கு ஆறுதல் தொகை என்று சந்தை மதிப்பில் 15 சதவீதம் சேர்த்தார்கள். 1984இல் அது 30 ஆனது. 2013இல் இயற்றப்பட்டு 2014 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்தில் அது 100 சதவீதம். கிராமப்புறமானால் நிலத்தின் சந்தை மதிப்பை ஒன்றிலிருந்து இரண்டுவரை ஒரு எண்ணால் பெருக்குவார்கள். எந்த எண் என்பதை மாநில அரசு வகுக்கும். நிலத்தின் மதிப்பு 10 லட்சம், பெருக்கும் எண் ஒன்றரை என்று வைத்துக்கொள்வோம். அது 15 லட்சம். கிணறு, மரம், மோட்டார் அறைக்கு 2 லட்சம் என்றால் மொத்தம் 17 லட்சம். அதே அளவு ஆறுதல் தொகையும் சேர்ந்து 34 லட்சம். இதற்கு மேல், அந்த முதல் 10 லட்சத்துக்கு மட்டும், அறிவிப்பு நாளிலிருந்து ஆண்டுக்கு 12 சதவீதம் தனியாக உண்டு.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எல்லாமே அந்த முதல் 10 லட்சத்தின் மேல் நிற்கிறது. அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? ஒன்று, அரசின் வழிகாட்டி மதிப்பு. இன்னொன்று, அறிவிப்புக்கு முந்தைய மூன்று வருடங்களில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் பதிவான கிரயப் பத்திரங்களில் விலை கூடிய பாதியை எடுத்துப் போடும் சராசரி. எது அதிகமோ அது. இங்கேதான் ஊரே சேர்ந்து தன் வாயில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறது. ஏக்கர் 40 லட்சத்துக்குக் கைமாறிய நிலத்தை, முத்திரைத்தாள் செலவை மிச்சம் பிடிக்க, பத்திரத்தில் 12 லட்சம் என்று எழுதுகிறோம். மீதி கறுப்பில் போகிறது. மூன்று வருடம் எல்லோரும் இப்படியே எழுதியிருந்தால், கூடிய பாதியும் குறைந்த விலையாகத்தான் இருக்கும். "வெளியில 40 லட்சம் போகுதுங்க, ஊரையே கேளுங்க" என்று விசாரணையில் மன்றாடுகிறவர்களைப் பார்த்து மனம் வெந்திருக்கிறேன். ஊர்ப்பேச்சை வைத்து அவார்டு, அதாவது இழப்பீட்டு உத்தரவு, எழுத முடியாது. வாங்கியவன் மிச்சம் பிடித்த முத்திரைத்தாள் செலவுக்காக, விற்காமல் உழுதுகொண்டிருந்த அடுத்த வரப்புக்காரன் லட்சங்களை இழக்கிறான். நிலத்தை உண்மை விலைக்கு எழுதுவது அக்கம்பக்கத்தாருக்கு நாம் செய்யும் கடமை என்பதை நான் சொல்லாத கல்யாண வீடு இல்லை.

நோட்டீஸ் கைக்கு வந்ததும் தலைப்பைப் படியுங்கள். எந்தச் சட்டத்தின் கீழ் எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம். 2013 சட்டமானால் ஆட்சேபனை தெரிவிக்க 60 நாள். தேசிய நெடுஞ்சாலைச் சட்டமானால் 21 நாள்தான். தமிழ்நாட்டில் தொழிற்பேட்டைகளுக்கு 1997ஆம் ஆண்டின் மாநிலச் சட்டமும், மாநில நெடுஞ்சாலைகளுக்கு 2001ஆம் ஆண்டின் சட்டமும் இருக்கின்றன. இவற்றைச் சென்னை உயர் நீதிமன்றம் 2019இல் செல்லாது என்றது. அதே வருடம் சட்டமன்றம் உயிர் கொடுத்தது. 2021இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. இழப்பீட்டுக் கணக்கு 2013 சட்டப்படியே இருந்தாலும், மக்கள் வாழ்வு என்ன ஆகும் என்று முன்கூட்டியே ஆராயும் சமூகத் தாக்க மதிப்பீடு இந்த மாநிலச் சட்டங்களில் கிடையாது. இது சரியில்லை என்பதே என் எண்ணம். ஒரு ஊரைப் பெயர்ப்பதற்கு முன் அந்த ஊரோடு உட்கார்ந்து பேசுவதற்கு ஆகும் சில மாதங்களால் எந்தத் தொழிற்சாலையும் நின்றுவிடாது.

தொகை குறைவு என்று தோன்றினால் பணத்தை வாங்காமல் இருப்பது வீரம் என்று பலர் நினைக்கிறார்கள். வாங்குங்கள். ஆனால் வாங்கும்போது "ஆட்சேபனைக்கு உட்பட்டுப் பெற்றுக்கொள்கிறேன்" என்று உங்கள் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். 2013 சட்டப்படி, அந்த வரி இல்லாமல் வாங்கியவர் கூடுதல் தொகை கேட்டு மேலே போக முடியாது. போவதற்கான கெடுவும் கொஞ்சம்தான்: அவார்டு சொல்லும்போது நேரில் இருந்தவருக்கு ஆறே வாரம்.

நிலம் எடுத்த பிறகும் வருடக்கணக்கில் யாரும் வேலி போட வராவிட்டால் உழுதுகொண்டிருப்பது நம் வழக்கம். 2023 ஜூலையில் கடலூர் மாவட்டம் வளையமாதேவியில், நெய்வேலி சுரங்கத்துக்காக முன்பே எடுத்திருந்த நிலத்தில் கால்வாய் வெட்ட, பச்சை நெல்லுக்குள் பொக்லைன் இறங்கியதை நாடே பார்த்தது. வழக்கு உயர் நீதிமன்றம் போய், சேதமான பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்க உத்தரவானது. நெல்லை அறுக்கும்வரை பொறுத்திருக்கலாம் என்று அன்று வயிறெரிந்தவர்களில் நானும் ஒருவன். அப்படி எடுத்த நிலத்தில் விதைப்பதற்கு முன், நிலம் சுவாதீனம் எடுக்கப்பட்டுவிட்டதா என்று எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குங்கள்.

பணம் வரும் வாரத்தில்தான் அக்கா தங்கைகளின் நினைவு வருகிறது. "ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போம்மா" என்று விடுதலைப் பத்திரத்தை நீட்டுவார்கள். சேலையும் கொஞ்சம் பணமும் கொடுப்பார்கள். உயில் எழுதாமல் இறந்த இந்துத் தகப்பனின் சொந்தச் சம்பாத்தியத்தில் மகளுக்குச் சம பங்கு 1956லிருந்தே உண்டு. பூர்வீகச் சொத்திலும் தமிழ்நாடு 1989இல் கொடுத்தது, நாடு முழுவதும் 2005இல் வந்தது. இன்னொன்றும் பலருக்குத் தெரியாது: 2013 சட்டம் விதவையை, மணவிலக்குப் பெற்றவளை, கைவிடப்பட்டவளைத் தனிக் குடும்பமாகவே கணக்கில் கொள்கிறது. வயது வந்த மகனும் மகளும் அப்படியே. அண்ணன் வீட்டுத் திண்ணையில் ஒண்டியிருக்கும் தங்கைக்கும் மறுவாழ்வு உதவி கேட்க உரிமை உண்டு. கணக்கெடுப்பில் அவள் பேரை அண்ணன்தான் விட்டுவிடுகிறான்.

விடுபடுகிறவர்களில் கடைசி ஆள், ஒரு சென்ட்கூட இல்லாதவர். அந்த நிலத்தில் மூன்று வருடமாக வேலை செய்து பிழைத்த கூலித் தொழிலாளியும் குத்தகைதாரரும் சட்டத்தின் கண்ணில் பாதிக்கப்பட்ட குடும்பம்தான். திட்டத்தால் உருவாகும் வேலை, அல்லது ஒரே தவணையாக 5 லட்சம், அல்லது மாதம் 2,000 ரூபாய்க்குக் குறையாமல் 20 வருடம் என்ற மூன்றில் ஒன்றை அவர்களும் கேட்கலாம். ஆனால் எதைக் காட்டி நிரூபிப்பார்கள்? கூலிக்கு யார் ரசீது கொடுக்கிறார்கள்?

ஒரு கணக்கெடுப்பில் காட்டுக்காரர் ஒருவர் தன் பண்ணையத்தில் வேலை செய்த குடும்பங்களைத் தாமே கூட்டிவந்தார். கையில் நீளவாக்கில் மடித்த கூலி நோட்டு. மஞ்சள் வெட்டு, களை, வெங்காயம் நடவு என்று தேதிபோட்டு, ஆள் பேர் எழுதி, எதிரே தொகை. வாங்கியவர்களின் கைநாட்டும் இருந்தது. "இவங்க பேரெல்லாம் ஏறுன பொறவுதான் நான் கையெழுத்துப் போடுவேனுங்க" என்று மேசை முன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அந்த நோட்டு போதுமான சான்றாக இருந்தது. மாலைக்குள் அத்தனை பேரும் பட்டியலில் ஏறினார்கள். பக்கத்துத் தோட்டத்தில் அதே போல் உழைத்தவர்கள் ஏறவில்லை. அந்தத் தோட்டத்துக்காரரிடம் நோட்டும் இல்லை, அவர் வரவும் இல்லை. உங்கள் காட்டில் இன்று வேலைக்கு வந்திருப்பவர்களின் பேரை இன்று மாலையே ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள்.