கடலடிச் சேற்றின் சாட்சியம்

எழுத்துச் சான்று எதுவுமற்ற காலத்தை ஆராயப் புகுவோன், வாய்பேசாப் பொருள்களையே சாட்சிகளாகக் கொள்ள வேண்டியவனாகின்றான். கடற்பரப்பின் வெப்பநிலையை மனிதன் கருவி கொண்டு முறையாக அளந்துவைத்த காலம் இரு நூற்றாண்டுகளையும் எட்டாது. ஏறத்தாழ 21,000 ஆண்டுகளுக்கு முன், பனிக்காலம் உச்சமுற்றிருந்த வேளையில், கடல்கள் எத்துணை குளிர்ந்திருந்தன என்பதைக் கடலடியிற் படிந்த சேறே சொல்லுதல் வேண்டும்.

கடலின் மேற்பரப்பை அண்டி மிதந்து வாழும் பொராமினிபெரா என்னும் ஒருகல உயிர்கள் மடிந்தபின், அவற்றின் சுண்ண ஓடுகள் ஆழத்தில் வீழ்ந்து படிகின்றன. ஆழ்கடலிற் பெரும்பாலும் ஆயிரம் ஆண்டுகளுக்குச் சில சதமமீற்றர் அளவே படிவு உயரும். ஆதலின், குழாய் இறக்கி எடுக்கப்படும் சில மீற்றர் நீளமான அடையல் தூணொன்று பல்லாயிரம் ஆண்டுகளின் வரலாற்றைத் தன்னுள் அடக்கி நிற்கும். ஆய்வாளன் அதன் சிறு துண்டமொன்றைக் கழுவி அரித்து, நுணுக்குக்காட்டியின் கீழ்ப் பரப்பி, ஈரத் தூரிகையின் நுனியால் ஓடுகளை இனம் பிரித்து எண்ணுகின்றான். ஒரு துண்டத்தில் முந்நூறு ஓடுகளளவில் எண்ணிய பின்னரே அடுத்த துண்டத்துக்குச் செல்வான். கண்ணும் பொறுமையும் ஒருங்கே சோதிக்கப்படும் பணி அது.

இவ்வெண்ணிக்கையை வெப்பநிலையாக மாற்றும் வழியை யோன் இம்பிறி, நீல்வா கிப் ஆகிய இருவரும் 1971இல் வெளியிட்டனர். இன்றைய கடலடியின் மேற்படையில் எவ்வினங்கள் எவ்விகிதத்தில் உள்ளன என்பதையும், அவ்விடத்து நீரின் வெப்பநிலையையும் புள்ளிவிபரவியல் முறையால் இணைத்து, அவ்விணைப்பைக் கீழ்ப்படைகளுக்கும் பொருத்துவதே அவர்தம் முறை. இதனை உலகக் கடல்களுக்கு விரித்த கிளைமாப் என்னும் கூட்டாய்வு, 1976இலும் 1981இலும் பனிக்காலக் கடல்களின் படங்களை வெளியிட்டது. வட அத்திலாந்திக்கின் சில பகுதிகள் பத்துப் பாகை செல்சியசுக்கு மேலாகக் குளிர்ந்திருந்தன. அயனமண்டலக் கடல்களோ பெரும்பாலும் இரண்டு பாகைக்குக் குறைவாகவே குளிர்ந்திருந்தன எனவும், பசுபிக்கின் சில பகுதிகள் இன்றினும் வெம்மையாய் இருந்தன எனவும் அப்படங்கள் காட்டின.

இம்முடிவு ஆறுதல் தருவதாயிருந்தது. பனிக்காலத்து வளியில் காபனீரொட்சைட்டு பத்துலட்சத்தில் ஏறத்தாழ 190 பங்கே இருந்தது. கைத்தொழிற் புரட்சிக்கு முன் அது 280 பங்காயிற்று. இன்று 420 பங்கையும் கடந்துள்ளது. அவ்வாயு குறைந்த காலத்தில் அயனக் கடல் அசையவில்லையெனில், அது மிகும் காலத்திலும் பெரிதும் அசையாது என்று கருத இடமுண்டு.

ஆனால் மலைகள் வேறு கதை கூறின. நியூ கினி, கிழக்காபிரிக்கா, அந்தீசு ஆகிய இடங்களிற் பனிக்கோடு ஏறத்தாழ ஆயிரம் மீற்றர் கீழிறங்கியிருந்தது. கடல் அத்துணை வெம்மையாயிருப்பின் மலையில் இவ்வளவு குளிர் எவ்வாறு வந்தது? டேவிட் றிண்ட், டொறதி பிற்றீற் ஆகியோர் 1985இல் இம்முரண்பாட்டை வெளிப்படையாக முன்வைத்தனர்.

எண்ணியவர்கள் தவறாக எண்ணவில்லை. அயனக் கடலில் ஓரினம் பெருகுவதும் அருகுவதும் வெப்பத்தால் மட்டுமன்று. உணவு, வெந்நீர்ப் படையின் தடிப்பு ஆகியவற்றாலும் ஆவதே. ஓடுகளின் ஒரு பகுதி ஆழத்திற் கரைந்தும் போகும். ஆகவே வேறு சாட்சிகள் அழைக்கப்பட்டன. பாசிகள் விட்டுச் சென்ற சேதனச் சேர்வைகளும், ஓட்டிலுள்ள மகனீசியத்தின் விகிதமும் அவ்வாறு வந்தவை. பார்படோசுத் தீவின் பவளங்கள் 1994இல் ஐந்து பாகைக் குளிர்ச்சியைக் காட்டின. பல சான்றுகளை ஒருங்கு தொகுத்த ஆய்வொன்று 2009இல் இரண்டு பாகையை அண்டிய அளவிற்கே மீண்டது. 2020இல் வெளியான மற்றோர் ஆய்வு, புவி முழுவதன் சராசரி ஏறத்தாழ ஆறு பாகை தாழ்ந்திருந்தது எனக் கணித்தது. வழக்கு இன்னும் முற்றாகத் தீர்ந்திலது.

எனினும், அயனக் கடல் அசையாதது என்னும் ஆறுதல் நிலைக்கவில்லை. தனக்கு உவப்பான விடையைப் பெற்றபின்னும் அடுத்த சாட்சியை அழைக்கத் துணிவதே அறிஞர்க்கு அழகு. நுணுக்குக்காட்டியின் முன் அமர்ந்திருப்பவன் மீண்டும் தூரிகையை நனைக்கின்றான். அடுத்த துண்டம் காத்திருக்கின்றது.