செய்தியும் ஸனதும்: குடிமைப்பணித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு



மத்தியப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குடிமைப்பணித் தேர்வில், முதல்நிலைப் பொது அறிவுத் தாளின் பாடத்திட்டம் நடப்பு நிகழ்வுகளைக் கொண்டே தொடங்குகிறது. வரலாறு, புவியியல், அரசமைப்பு, பொருளாதாரம் எல்லாம் அதற்குப் பின்னரே வருகின்றன. தேர்வர்களை அதிகம் அச்சுறுத்துவதும் அந்த முதல் வரிதான். ஒரு நூலுக்குக் கடைசிப் பக்கம் என்று ஒன்று உண்டு. செய்திக்கு அது கிடையாது. ஆகவே கண்ணில் பட்டதையெல்லாம் சேர்த்து வைக்கிறார்கள். மூன்று பயிற்சி மையங்களின் மாதத் தொகுப்புகள், ஐந்து டெலிகிராம் குழுக்கள், நாள்தோறும் ஒரு மணி நேர யூடியூப் அலசல் என்று கைப்பேசி நிறைகிறது. தேர்வு நெருங்கும்போது எதைத் திரும்பப் படிப்பது என்று தெரியாமல் திகைக்கிறார்கள்.

மதரஸா ஆசிரியருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் நம்மிடம் கேட்டதுண்டு. நம் மஹல்லாவில் இஷா தொழுகைக்குப் பின் மக்தபின் அறையைத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்காகத் திறந்து வைக்கிறோம். வீட்டில் தனி அறையோ மேசையோ இல்லாதவர்களே பெரும்பாலும் வருகிறார்கள். நாம் கற்றது ஃபிக்ஹும் ஹதீஸும். பணவீக்கத்தைப் பற்றி அவர்களுக்குப் பாடம் நடத்தும் தகுதி நமக்கில்லை. ஆனால் ஒரு செய்தியை எப்படிப் பெறுவது, எப்படிச் சோதிப்பது என்பது நம் துறைக்கு அந்நியமானதன்று. உலூமுல் ஹதீஸ் என்னும் கலை முழுவதும் அதற்காகவே எழுந்தது. சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார், இருவரும் சந்தித்திருக்க இயலுமா, அவருடைய நினைவாற்றல் எத்தகையது என்றெல்லாம் நம் இமாம்கள் துருவித் துருவிக் கேட்டார்கள். வந்த செய்தியைத் தீர விசாரித்துக்கொள்ளும் கடமையை சூரத்துல் ஹுஜுராத்தின் ஆறாவது வசனம் நம்மீது சுமத்துகிறது. இத்தனையும் படித்த சமுதாயத்தின் பிள்ளைகள், அனுப்பியவர் பெயர் கூடத் தெரியாத ஒரு வாட்ஸ்அப் செய்தியைக் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்வதைக் காணும்போது மனம் கனக்கிறது.

எனவே அவர்களிடம் நாம் கேட்கும் முதற்கேள்வி, "இதன் ஸனது எங்கே?" என்பதுதான். பயிற்சி மையத்தின் தொகுப்பு ஒரு நாளிதழிலிருந்து எடுத்திருக்கும். நாளிதழ் ஒரு மசோதாவிலிருந்தோ தீர்ப்பிலிருந்தோ அரசு அறிக்கையிலிருந்தோ எடுத்திருக்கும். ஒரு படி மேலே ஏறினால் போதும், பாதிப் பிழைகள் நீங்கிவிடும். அரசின் அறிவிப்புகளைப் பத்திரிகைத் தகவல் அலுவலகம் தமிழிலும் வெளியிடுகிறது. மசோதாக்களின் சுருக்கத்தை பி.ஆர்.எஸ். என்னும் ஆய்வு நிறுவனம் தன் இணையதளத்தில் கட்டணமின்றித் தருகிறது. 'யோஜனா' இதழின் தமிழ்ப் பதிப்பு 'திட்டம்' என்ற பெயரில் வருகிறது. இவற்றில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். அரசு வெளியிடுவது அரசின் குரல். ஒரு திட்டத்தின் குறைகளை அங்கே தேட முடியாது. அதற்கு நல்ல நாளிதழ் ஒன்று கட்டாயம் தேவை. முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம் என்றாலும் பொது அறிவு வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே அச்சாகிறது. ஆகையால் தமிழ்வழித் தேர்வர்களும் ஆங்கில நாளிதழ் ஒன்றை வாசித்தே ஆக வேண்டும். இதில் நமக்கு மனக்குறை உண்டு. அதை வேறொரு சமயம் பேசலாம்.

அடுத்தது, செய்தியின் வேர். 2024 ஜூலை 30 அன்று அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் நிலச்சரிவு ஏற்பட்டு இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்த எண்ணிக்கையை மனனம் செய்வதால் தேர்வில் பயனில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் பாதுகாப்புக் குறித்து 2011இல் மாதவ் காட்கில் குழு என்ன சொன்னது, 2013இல் கஸ்தூரிரங்கன் குழு அதை எவ்வாறு தளர்த்தியது, இரண்டையும் மலைவாழ் விவசாயிகள் ஏன் எதிர்த்தார்கள் என்று தேடிச் செல்ல வேண்டும். நிலச்சரிவுக்கு மறுநாள், 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், ஆறு மாநிலங்களில் சுமார் 56,800 சதுர கிலோமீட்டரைச் சூழல் உணர்திறன் மிக்க பகுதியாக அறிவிக்கும் வரைவு வெளியானது. தமிழகமும் அந்த ஆறில் ஒன்று. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட அளவில் தலைமை ஏற்பவர் ஆட்சியர். இவ்வாறு ஒரே செய்தி புவியியலையும் சட்டத்தையும் மத்திய மாநில உறவையும் ஒருசேரத் தொட்டுவிடுகிறது. வாரத்துக்கு நான்கு செய்திகளை இப்படித் தோண்டினால் போதும் என்பது நம் கருத்து. நாற்பது செய்திகளை மேலோட்டமாகப் புரட்டுவது, தஜ்வீது இல்லாமல் குர்ஆனை விரைந்து ஓதி முடிப்பதைப் போன்றது.

இதுவரை சொன்னது எவருக்கும் பொருந்தும். நம் பிள்ளைகளுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுவே. அவர்களுக்கு வலிக்கும் செய்திகள் அடிக்கடி வருகின்றன.

நம் அறைக்கு வரும் இளைஞர் ஒருவர் பொறியியல் பட்டதாரி. தந்தையார் தோல் பதனிடும் ஆலையில் வேலை பார்ப்பவர். வக்ஃபு திருத்த மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்த நாட்களில் அவர் வேறு எதையும் படிக்கவில்லை. 2025 ஏப்ரல் 2 அன்று மக்களவையிலும் மறுநாள் மாநிலங்களவையிலும், நள்ளிரவு கடந்து அது நிறைவேறும் வரை, விவாதங்களைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தார். எந்த உறுப்பினர் என்ன பேசினார் என்று ஒப்பிப்பார். ஆனால், அறநிலையங்கள் பற்றிய அதிகாரம் அரசமைப்பின் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று கேட்டபோது அவரிடம் விடையில்லை. அது பொதுப்பட்டியலின் 28ஆம் பதிவு. பழைய 1913, 1923, 1954, 1995ஆம் ஆண்டுச் சட்டங்களின் வரிசையும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

இச்சட்டம் குறித்து 250 சொற்களில் ஒரு விடை எழுதச் சொன்னோம். அவர் கொண்டுவந்த தாளில் முக்கால் பங்கு கோபம். அந்தக் கோபத்துக்குக் காரணமில்லை என்று நாம் சொல்லவில்லை. பாட்டனார் தானம் செய்த நிலத்துக்கு ஆவணம் கேட்டால் எவருக்கும் வலிக்கும். ஆயினும் மூன்று மணி நேரத்தில் இருபது வினாக்களுக்கு விடையளிக்க வேண்டிய தேர்வில், ஒரு வினாவுக்குக் கிடைப்பது ஒன்பது நிமிடங்கள். அதில் திருத்துபவர் தேடுவது நிர்வாகியின் பார்வையை.

இரண்டாம் முறை எழுத வைத்தோம். அரசு சொல்லும் காரணங்கள் முதலில்: பதிவின்மை, கணக்குகளின் ஒழுங்கின்மை, வாரியங்களில் பெண்களின் பிரதிநிதித்துவம். அடுத்து எதிர்ப்பவர்களின் வாதம்: அரசமைப்பின் 25, 26ஆம் பிரிவுகள், நீண்டகாலப் பயன்பாட்டால் வக்ஃபாகும் முறையை இனிமேல் ஏற்காமை, வாரியங்களில் பிற சமயத்தார். பின்னர் 2025 செப்டம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால உத்தரவு. முழுச் சட்டத்தையும் நிறுத்தி வைக்க நீதிமன்றம் மறுத்தது. வக்ஃபு செய்பவர் ஐந்தாண்டுகள் இஸ்லாத்தைப் பின்பற்றியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை, மாநிலங்கள் அதற்கான விதிகளை வகுக்கும் வரை நிறுத்தியது. அரசு நிலமா வக்ஃபு நிலமா என்று விசாரிக்கும் அதிகாரியின் முடிவே வருவாய் ஆவணங்களை மாற்றிவிடும் என்பதையும் நிறுத்தியது. 22 பேர் கொண்ட மத்திய கவுன்சிலில் முஸ்லிமல்லாதோர் நால்வருக்கும், 11 பேர் கொண்ட மாநில வாரியத்தில் மூவருக்கும் மேற்படக் கூடாது என்றது.

எழுதி முடித்துவிட்டு அவர் சொன்னார்: "ஹஜ்ரத், அவங்க வாதத்தை என் கையால எழுதும்போது கூசுது." அந்தக் கூச்சம் ஈமானிலிருந்து வருவதாக அவர் எண்ணிக்கொண்டிருந்தார். அங்கேதான் நமக்குத் தெரிந்த பாடம் உதவிற்று. காழி கோபத்தில் இருக்கும்போது தீர்ப்பளிக்கலாகாது என்பது ஹதீஸ் வழி வந்த சட்டம்; கடும் பசியையும் தூக்கத்தையும் கூட ஃபுகஹாக்கள் அதனுடன் சேர்த்தார்கள். வழக்காளிகள் இருவரின் சொல்லையும் கேட்காமல் தீர்ப்புக் கூறுவதும் ஆகாது. உங்களுக்கே பாதகமாயினும் நீதியில் நிலைத்திருங்கள் என்பதே சூரத்துந் நிஸாவின் 135ஆம் வசனத்தின் கருத்து. எதிர்வாதத்தை நேர்மையாக எடுத்துரைப்பது அதை ஏற்றுக்கொள்வதாகாது. நம் மத்ஹபு நூல்களே மாற்று மத்ஹபின் ஆதாரத்தை முழுமையாகச் சொல்லிவிட்டுத்தானே மறுக்கின்றன! முதன்மைத் தேர்வின் நான்காம் பொது அறிவுத் தாளான அறவியல் தாளில், பாரபட்சமின்மையும் வறியோர் மீதான பரிவும் பாடமாகவே வைக்கப்பட்டுள்ளன என்பதையும் அவருக்குக் காட்டினோம். நேர்காணலில் இதே சட்டம் குறித்து அவரிடம் கேட்கப்படலாம். அப்போது முகம் சிவக்காமல் ஐந்து வாக்கியம் பேசத் தெரிய வேண்டும்.

"அப்படியானால் நம் பிள்ளை அதிகாரியாகி நமக்கு என்ன பயன்?" என்று ஒரு பெரியவர் வருந்தினார். 2006ஆம் ஆண்டின் சச்சார் குழு அறிக்கையில் ஐ.ஏ.எஸ். பணியில் முஸ்லிம்கள் 3 விழுக்காடு, ஐ.பி.எஸ். பணியில் 4 விழுக்காடு என்றிருந்தது; அப்போது மக்கள்தொகையில் நம் பங்கு 13.4 விழுக்காடு. அந்தக் கவலை நியாயமானதே. ஆனால் நமக்கு வேண்டியது சலுகை காட்டும் அதிகாரி அல்லர். நில ஆவணத்தைப் பொறுமையாகப் படித்து, இரு தரப்பையும் அழைத்துக் கேட்கும் அதிகாரி போதும். அவர் எந்தச் சமயத்தவராயினும் நமக்கு நன்மையே என்று பெரியவரிடம் சொன்னோம். அவர் முழுதாக ஏற்கவில்லை. எனினும் மறுவாரம் அறைக்கு ஒரு மின்விசிறி வாங்கித் தந்தார்.

பெற்றோருக்கு ஒரு சொல். சென்னை அண்ணா நகருக்கு இலட்சக்கணக்கில் செலவிட்டு அனுப்பும் முன், தமிழக அரசின் அகில இந்தியக் குடிமைப்பணித் தேர்வுப் பயிற்சி மையத்தையும், 'நான் முதல்வன்' திட்டத்தில் நுழைவுத் தேர்வு வழியாக வழங்கப்படும் மாத ஊக்கத்தொகையையும் விசாரியுங்கள். நகையை அடகு வைப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.

இப்போது அறைக்கு ஓர் ஆங்கில நாளிதழும் ஒரு தமிழ் நாளிதழும் வருகின்றன. இரவில் வர இயலாத மாணவியருக்காக, ஃபஜ்ருக்குப் பின் எட்டு மணி வரை அறையைத் திறந்து வைக்குமாறு தாய்மார்கள் கேட்டிருக்கிறார்கள். வரும் ஜும்ஆவுக்குப் பின் ஜமாஅத் நிர்வாகத்துடன் அது குறித்துப் பேச இருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். பழைய மாதத் தொகுப்புகளைக் கட்டுக்கட்டாகத் தர முன்வரும் சகோதரர்களுக்கு ஜஸாகல்லாஹு கைரா, அவை வேண்டாம். அதற்குப் பதிலாக 'திட்டம்' இதழுக்கு ஓராண்டுச் சந்தா கட்டித் தாருங்கள்.