ஒரிஜினல்தானா இந்த ஹெரால்டு?

புதுக்கோட்டைக்கு வெளியே ஒரு ஷெட். தார்ப்பாயை விலக்கியதும் அந்த வேதியியல் ஆசிரியர் அப்படியே நின்றுவிட்டார். ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இரண்டு கதவு, மேற்கூரை இல்லாத திறந்த வண்டி.

"1964 மாடல் சார். கம்பெனியிலேருந்தே கன்வெர்ட்டிபிளா வந்தது. ஒரிஜினல் ஆர்.சி. புக் இருக்கு. ஆறு லட்சம்" என்றார் புரோக்கர்.

ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் மிச்சம் இருந்ததே கிட்டத்தட்ட அவ்வளவுதான். "ஏங்க, இந்த வயசுல உங்களுக்குக் கார் கேக்குதா?" என்ற மனைவியின் கேள்விக்கும் இன்னும் பதில் சொல்லியாகவில்லை.

ஹெரால்டு, இத்தாலிக்காரர் ஜியோவான்னி மிச்செலோட்டி வடிவமைத்த கார். 1959-ல் இங்கிலாந்தில் 'ட்ரையம்ஃப்' என்ற பெயரில் வந்தது. 1961 முதல் நம் சென்னையில் 'ஸ்டாண்டர்டு' என்ற பெயரில் தயாரானது. பானெட்டைத் தூக்கினால் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பக்கமே கவிழ்ந்து திறக்கும். மேற்கூரை தனியாக போல்ட் போட்டு மாட்டப்பட்டது. அது ஆசிரியருக்குத் தெரியும். முன் கண்ணாடிச் சட்டத்தின் மேல் விளிம்பை விரலால் தடவினார். பெயின்ட்டுக்கு அடியில் பட்டி வைத்து அடைத்த ஓட்டைகள் வரிசையாகத் தட்டுப்பட்டன.

கூரை போனால் காற்று வரும், நல்லதுதானே என்று தோன்றலாம். ஆனால், 2021-ல் வந்த வின்டேஜ் வாகன விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருந்தால் மட்டும் போதாது. சேசிஸ், பாடி, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. ஏற்கெனவே பதிவான வண்டி என்றால் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பழைய ஆர்.சி. சரியாக இருக்க வேண்டும்.

ஆர்.சி. புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். பழுப்பேறிய தாள், முதல் பதிவு 1964. எல்லாம் பொருந்தத்தான் செய்தது. தலைப்பில் அச்சாகியிருந்த 'தமிழ்நாடு அரசு' என்பதைத் தவிர. மெட்ராஸ் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வந்தது 1969 ஜனவரி 14-ல். அதற்கு ஐந்து வருடம் முன்பே அந்தப் பெயரில் புத்தகம் அடித்தது யார்?

"டூப்ளிகேட்தான் சார். ஒரிஜினல் தொலைஞ்சுபோச்சு" என்று இறங்கிவந்தார் புரோக்கர். டூப்ளிகேட் வாங்குவது தப்பில்லை, அதை ஒரிஜினல் என்று சொன்னதுதான் உறுத்தியது. பெயர் மாற்றத்துக்கான ஃபாரம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து தயாராக இருந்தது. போன மாதத் தேதி. "ஓனர் சிங்கப்பூர்ல இருக்கார் சார்."

மொபைல் ஆப்பில் நம்பரைப் போட்டுப் பார்த்தார், எதுவும் வரவில்லை. இதை மட்டும் வைத்து போலி என்று முடிவுகட்டக் கூடாது. பழைய பதிவேடுகள் பல இன்னும் கம்ப்யூட்டரில் ஏறவில்லை. அவர் புத்தகத்தில் இருந்த கடைசி முகவரியைக் குறித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை அறந்தாங்கி பஸ் ஏறினார்.

அந்த வீட்டுக் கூடத்தில் ஓனரின் படம் மாலையோடு தொங்கியது. இறந்து ஆறு வருடம் ஆகிறது.

ஃபாரத்தை போனில் எடுத்த படத்தைக் காட்டினார். அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இது அவுக கையெழுத்து இல்ல தம்பி. அவுக தமிழ்லதான் போடுவாக." ரிப்பேருக்கு விட்ட வண்டி, அவர் படுத்த பிறகு கேட்பாரற்று ஷெட்டிலேயே கிடந்திருக்கிறது. பீரோவைத் திறந்து துணிப்பையிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்தார். அட்டை நைந்திருந்தது. 'மெட்ராஸ்' என்று இருந்தது.

"கூரை என்னம்மா ஆச்சு?"

"மக கல்யாணத்துல மாப்பிள்ளை அழைப்புக்குத் திறந்த காரு வேணும்னு அவுகளே கழட்டுனாக. கொல்லையில கெடக்கு."

கொல்லையில் கோழிக்கூண்டின் மேல் அது கவிழ்ந்திருந்தது. துரு ஓரங்களில் மட்டும்தான்.

என்ன விலை கொடுப்பது? அந்த அம்மாவுக்கு விலை தெரியாது. ஐம்பதாயிரம் என்றாலும் தலையாட்டியிருப்பார். ஷெட்டில் ஆறு லட்சம் கேட்கிறார்கள் என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. மகளிடம் போனில் பேசி நாலரை லட்சம் என்று முடிவானது.

அதன் பிறகு எட்டு மாதம் அலைச்சல். போலீஸில் புகார் என்ற பேச்சு எழுந்ததுமே புரோக்கர் போனை எடுப்பதை நிறுத்திக்கொண்டார். ஷெட் வாடகை பாக்கியைக் கட்டி வண்டியை மீட்டார்கள். வாரிசு சான்றிதழ் வாங்கி, ஃபாரம் 31 போட்டு முதலில் அந்த அம்மா பெயருக்கு, பிறகு ஆசிரியர் பெயருக்கு. நடுவில் யாராவது "சுருக்கமா முடிச்சுத் தரேன்" என்று வந்தால் வீட்டில் மனைவியே விரட்டிவிட்டார்.

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மோட்டார் வாகன ஆய்வாளர் சேசிஸ் மேல் வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். எண்கள் ஒவ்வொன்றாக எழும்பின. நைந்த புத்தகத்தோடு ஒப்பிட்டார். கடைசிக்கு முந்தைய எண்ணில் நின்றார்.

"இது மூணா, எட்டா?"

ஆசிரியருக்குக் கை வியர்த்தது. அழுக்கைத் துடைத்து, தாளை மாற்றி மறுபடி தேய்த்தார்கள். மூன்று. புத்தகத்திலும் மூன்று.

கூரை பழைய ஓட்டைகளிலேயே உட்கார்ந்தது. அந்த அம்மாவின் கோழிகளுக்குப் புதிதாக ஒரு தகரம் வாங்கிப் போட்டுக் கொடுத்தார் ஆசிரியர்.