கிளூனிக்குச் செல்லும் பசுமை வழி

பிரான்சு நாட்டின் பர்கண்டிப் பகுதியில், மாக்கோன் நகரின் எல்லையிலிருந்து கிளூனி என்னும் சிற்றூருக்கும், அங்கிருந்து வடக்கே ஜிவ்ரி வரைக்கும் ஒரு பாதை செல்கிறது. அதில் காருக்கும் லாரிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் அனுமதியில்லை. நடப்பவர்க்கும் சைக்கிளில் செல்பவர்க்கும் உரியது அது. அந்நாட்டார் இத்தகைய பாதையைப் 'பசுமை வழி' என்கின்றனர். கிளூனிக்கும் ஜிவ்ரிக்கும் இடைப்பட்ட 44 கிலோமீட்டர் 1997இல் திறக்கப்பட்டது. பிரான்சில் இவ்வகைப் பாதைகளுள் அதுவே முதலாவது. சென்ற ஜூலை மாதத்தில் இரண்டு நாட்கள் அப்பாதையில் செல்லும் வாய்ப்பினை அல்லாஹ் எங்களுக்கு அளித்தான், அல்ஹம்துலில்லாஹ்.

காரைக்காலில் பிரெஞ்சு ஆட்சி நீங்கியபோது அந்நாட்டுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் நம்மில் உண்டு. எங்கள் தங்கை வாழ்க்கைப்பட்டது அத்தகைய ஒரு குடும்பத்தில். வசிப்பது பாரிசின் புறநகரில். அவள் எங்களை அழைத்தது ஊர் காட்டுவதற்காக மட்டுமன்று. பதினேழு வயதான அவள் மகள், பொருள் விளங்காமல் அரபியில் ஓதுவதில்லை என்று முடிவு செய்து, வாரந்தோறும் சென்றுகொண்டிருந்த ஓதும் வகுப்பை நிறுத்திவிட்டாள். தொழுகையை விடவில்லை. மொழிபெயர்ப்பைப் பிரெஞ்சில் வாசிக்கிறாள். "லாத்தா, நீங்கள் மதரஸாவில் எத்தனையோ பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவர்கள், அவளிடம் ஒரு வார்த்தை பேசுங்கள்" என்று தங்கை தொலைபேசியில் சொன்னபோதே அவள் குரலில் அச்சம் தெரிந்தது. வீட்டில் உட்கார்த்தி வைத்துப் பேசினால் பிள்ளை வாயைத் திறக்க மாட்டாள் என்று கருதிய தங்கையின் மாப்பிள்ளை, இந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தார். எங்கள் வீட்டுக்காரரையும் சேர்த்து ஐவர்.

மலைப்பாங்கான நாட்டில் நாற்பது வயதைக் கடந்த பெண்கள் சைக்கிள் மிதிப்பதா என்று எங்களுக்கும் தயக்கம் இருந்தது. இருபுறமும் குன்றுகள் எழுந்து நிற்கின்றன; அவற்றின் சரிவெல்லாம் திராட்சைத் தோட்டம். (பழம் ஹலால்தான், பீப்பாய்க்குள் போன பிறகு நேர்வதுதான் வேறு.) ஆனால் பாதை ஏறுவதே தெரிவதில்லை. காரணம் எளிது. இது பழைய ரயில் பாதை. நீராவி எஞ்சின் செங்குத்தாக ஏறாது. ஆகவே அக்காலப் பொறியாளர்கள் மேட்டை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும் குன்றைக் குடைந்தும் ஏற்றத்தைத் தணித்திருக்கின்றனர். ரயில் நின்றபின் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டுத் தார் போட்டார்கள். ரயிலுக்காகப் பட்ட பாடு முழங்கால் வலிக்காரர்களுக்குப் பயன்படுகிறது.

நம்மூரில் பெண் பிள்ளைகள் பள்ளிப்படிப்போடு சைக்கிளை நிறுத்திவிடுவதற்கு மார்க்கத்தைக் காரணம் காட்டுவோர் உண்டு. மார்க்கம் கேட்பது ஒழுங்கான ஆடையும் பாதுகாப்பும்தான். லாரியும் பேருந்தும் உரசிச் செல்லும் சாலையே உண்மையான தடை என்பது, அந்தப் பாதையில் ஒரு மணி நேரம் சென்றபோது எங்களுக்கு ஐயமறத் தெளிந்தது. நடுக்கம்பி இல்லாத சைக்கிள், கணுக்காலில் துணி கிளிப், முக்காட்டின் மேல் தலைக்கவசம், வேறொன்றும் தேவைப்படவில்லை. எதிரில் வந்தவர்கள் எல்லோரும் வணக்கம் சொல்லிச் சென்றார்கள். 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசுப் பள்ளி வாசலில் தினமும் முக்காட்டைக் கழற்ற வேண்டியிருக்கும் தங்கை மகள் அவ்வழியில் எங்கள் எல்லோருக்கும் முன்னே பறந்துகொண்டிருந்தாள்.

கிளூனிக்கு முன்னர் ஒரு சுரங்கம் வருகிறது. புவா கிளேர் என்று பெயர், நீளம் 1.6 கிலோமீட்டர். ஜூலை வெயிலிலிருந்து அதனுள் நுழைந்தால் குளிர் எலும்பைத் தொடுகிறது. குளிர்காலத்தில் அதனை மூடிவிடுவார்களாம். வௌவால்கள் உள்ளே உறங்குகின்றன. அவற்றின் உறக்கம் கலையக் கூடாது என்பதற்காக மனிதர்கள் குன்றின் மேலுள்ள சாலையில் சுற்றிச் செல்கிறார்கள். இதனை வாசித்ததும் தங்கை சுப்ஹானல்லாஹ் என்றாள்.

அந்த வட்டாரம் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. சுரங்கத்துக்கு அருகிலுள்ள மில்லி என்னும் சிற்றூரில் வளர்ந்தவர் கவிஞர் லாமார்ட்டின். 1790இல் மாக்கோனில் பிறந்தவர். 1854இல் அவர் வெளியிட்ட துருக்கி வரலாற்றில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைப் புகழ்ந்து எழுதிய பகுதியை நம் மீலாது மேடைகளில் கேட்டிராதவர் யார்? நூலைப் பார்த்திராத பேச்சாளர்களும் அவர் பெயரை முழங்குகின்றனர்.

கிளூனியின் செய்தியோ நம் மேடைகளில் ஏறுவதில்லை. 910இல் தோன்றிய ஒரு கிறிஸ்தவ மடாலயத்தின் ஊர் அது. 1088இல் அங்கே கட்டத் தொடங்கிய தேவாலயம், ரோமாபுரியின் புனித பேதுரு ஆலயம் புதிதாக எழும்பும் வரை கிறிஸ்தவ உலகிலேயே பெரியதாக இருந்தது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் அதனை விற்று, இடித்து, கல்லாகக் கொண்டு சென்றனர். ஒரு பகுதியைக் கொண்டு குதிரை லாயமும் கட்டினர். இன்று எஞ்சியிருப்பது சிறு பகுதியே. அந்த மடாலயத்தின் தலைவராக இருந்த பேதுரு என்பவர் 1142இல் ஸ்பெயினுக்குச் சென்று, அரபி அறிந்த அறிஞர்களுக்குப் பொருள் கொடுத்துத் திருக்குர்ஆனை லத்தீன் மொழியில் பெயர்க்கச் செய்தார். கெட்டன் ஊர் ராபர்ட் என்னும் ஆங்கிலேயர் 1143இல் அதனை முடித்தார். ஐரோப்பிய மொழியில் திருமறையின் முதல் முழு மொழிபெயர்ப்பு அது. நோக்கம் மறுப்பதுதான், தலைப்பிலேயே நம் நபியைப் பழித்திருந்தனர். சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல், தமக்குத் தோன்றியவாறு விரித்தும் சுருக்கியும் ராபர்ட் எழுதினார். 400 ஆண்டுகளுக்குப் பின், 1543இல், பாசல் நகரில் அச்சேறும் அளவுக்கு அது நிலைத்தது. அந்த மொழிபெயர்ப்புக் குழுவில் முஹம்மது என்ற பெயருடைய ஒரு முஸ்லிமும் இருந்தார். அவரைப் பற்றிப் பெயரைத் தவிர வேறெதுவும் எஞ்சவில்லை.

எஞ்சிய கோபுரத்தின் நிழலில் அமர்ந்து இதனைச் சொல்லிக்கொண்டிருந்தபோது தங்கை மகள் கேட்டாள்: "எதிர்ப்பதற்காகவாவது அவர்கள் பொருளைத் தேடினார்கள், பெரியம்மா. உம்மா முப்பது வருடமாக யாஸீன் ஓதுகிறார்கள். என்ன சொல்கிறது என்று கேட்டால் தெரியவில்லை."

தங்கையின் முகம் வாடியது. பொருள் விளங்காமல் ஓதினாலும் ஒவ்வோர் எழுத்துக்கும் நன்மையுண்டு என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. அதனை அவளிடம் சொன்னோம். அவள் கேள்வியில் நியாயம் உண்டு என்பதையும் மறைக்கவில்லை. பொருள் வேண்டும் என்பவள் அரபியை விட்டு விலகுவதுதான் எங்களுக்குப் புரியவில்லை என்றோம். பேதுருவின் கையில் கிடைத்தது ராபர்ட் விளங்கிக்கொண்டதுதான். அவள் கையிலிருக்கும் பிரெஞ்சு நூலும், அவர் எவ்வளவு பேணுதலானவராயினும், யாரோ ஒருவர் விளங்கிக்கொண்டதுதான். அவள் மறுமொழி சொல்லவில்லை. சைக்கிளின் பூட்டைத் திறந்துகொண்டிருந்தாள்.

நேரமாகிவிட்டது. பாரிசிலிருந்தே பயணிகளாகிவிட்டதால், ஷாஃபிஈ மத்ஹபினரான எங்களுக்கு ளுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழும் சலுகை இருந்தது. (ஹனஃபி மத்ஹபினர் சுருக்கித் தொழலாம், அந்தந்த நேரத்தில் தொழ வேண்டும்.) தண்ணீருக்கு ஒரு வழியை மாப்பிள்ளை அறிந்திருந்தார்: பிரெஞ்சுக் கிராமங்களில் அடக்கத்தலத்தில் பெரும்பாலும் குழாய் இருக்கும், சைக்கிள் பயணிகள் எல்லோரும் அங்கேதான் புட்டியை நிரப்புவார்கள். கிளூனிக்கு வடக்கே ஒரு கிராமத்தில் அப்படியே ஒளூச் செய்தோம். கப்ருகளுக்கு நடுவே தொழலாகாது என்பதால் வெளியே வந்து, ஒரு மரத்தடியில் தென்கிழக்கை நோக்கி நின்றோம். நாயோடு வந்த முதியவர் ஒருவர், நாங்கள் ஸலாம் கொடுக்கும் வரை அப்பால் நின்று, பிறகு எங்களைக் கடந்து சென்றார்.

மஃக்ரிப் ஒன்பதரைக்குத்தான். தங்கியிருந்த விடுதியில் இஷாவுக்காகக் காத்திருந்தபோது தங்கை மகள் தன் பிரெஞ்சு மொழிபெயர்ப்பைக் கொண்டுவந்து எங்கள் அருகில் அமர்ந்தாள். சிறிய சூரா ஒன்றைச் சொல்லுக்குச் சொல் பிரித்துக் காட்ட முடியுமா என்றாள். அல்அஸர் சூராவை எடுத்தோம். ஒவ்வொரு சொல்லின் வேரையும் சொல்லச் சொல்ல, அதே வேரில் அவள் அறிந்த சொற்களைத் தேடினாள். 'ஸப்ர்' என்பதை அவள் நூல் பெயர்த்திருந்த விதம் போதாது என்று அவளே சொன்னாள்.

மறுநாள் தெய்ஸே, கோர்மத்தான் வழியாக ஜிவ்ரியை நோக்கி மிதித்தோம். வாகனம் இல்லாத பாதையில் இருவர் இணையாகச் செல்லலாம், பேசிக்கொண்டே செல்லலாம். தங்கை ஒரு பக்கமும் மகள் ஒரு பக்கமும் மாறி மாறி வந்தார்கள். புக்ஸியருகே மழை பிடித்தது. பழைய நிலையக் கூரையின் கீழ் அரை மணி நேரம் நின்றோம். அன்று எடுத்தது அல்மாஊன் சூரா. ஜிவ்ரி வந்து சேர்ந்தபோது கடைசி இரண்டு ஆயத்துகள் மீதமிருந்தன.