ஆசாரத்திலிருந்து பின்னறைக்கு

ராசிபுரம், திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பழைய வீடுகளைக் கட்டியவர்கள் சுவர் விஷயத்தில் சிக்கனம் பார்த்தவர்கள் அல்லர். ஒரு முழக் கனத்துக்குச் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்டு எழுப்பினார்கள். சித்திரை வெயில் உள்ளே வராது. பக்கத்து அறைச் சண்டை காதில் விழாது. வைஃபை அலையும் அந்தச் சுவர்களைத் தாண்டத் திணறும் என்பது இந்தத் தலைமுறைக்குத்தான் தெரிய வந்தது.

என் தம்பியின் வீடு அந்த ரகம். பிராட்பேண்ட் கண்ணாடி இழை தெருவிலிருந்து ஆசாரத்துக்கு வந்து ரூட்டர் பெட்டியில் முடிகிறது. தம்பி மகள் வேலை செய்வதோ பின்னறையில். பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கணக்குப் பார்க்கிறாள். ஒரு மேஜைக் கம்ப்யூட்டர், கம்பெனி கொடுத்த டெலிபோன், இரண்டும் கம்பியை எதிர்பார்க்கிற சாதனங்கள். இடையில் ரிப்பீட்டர் ஒன்றை வைத்துச் சமாளித்து வந்தாள். ஒரே அலைவரிசையில் கேட்கவும் வேண்டும், திருப்பிச் சொல்லவும் வேண்டும் என்பதால் அதன் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஒரே மாதத்தில் நான்கு தடவை பேச்சு நடுவில் அறுந்தது. இனிமேல் அறுந்தால் பெங்களூருக்கே வந்துவிட வேண்டியதுதான் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார்.

படுத்த படுக்கையாக இருக்கும் என் தாயார் இதைக் கேட்டு, "அம்மிணி போயிட்டா ராத்திரியில எனக்கு ஆருடா தண்ணி குடுப்பா?" என்றார். அதற்கு அப்புறந்தான் வீட்டு ஆண்பிள்ளைகள் நாங்கள் யோசிக்க ஆரம்பித்தோம்!

மின்சாரக் கம்பி வழியாகவே இணையத்தை அனுப்பும் கருவி உண்டு. ஆனால் எங்கள் ஆசாரம் ஒரு ஃபேஸ், பின்னறை வேறு ஃபேஸ். போதாக்குறைக்குக் கிணற்று மோட்டாரின் இரைச்சல் வேறு. ஈதர்நெட் கம்பியே இழுப்பதென்று தீர்மானமாயிற்று.

1973-ல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் கம்பெனியின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி நிலையத்தில் ராபர்ட் மெட்காஃப் என்பவர் வைத்த பெயர் அது. ஆகாயமெங்கும் நிறைந்திருப்பதாக விஞ்ஞானிகள் ஒரு காலத்தில் நம்பிய ஈதரின் பெயரைக் கம்பிக்குச் சூட்டினார். இன்றைய கம்பிக்குள் எட்டு இழைகள், இரண்டிரண்டாக முறுக்கி நான்கு ஜோடி. முறுக்குகிற யுக்தி இன்னும் பழசு. டெலிபோன் கண்ட கிரஹாம் பெல் 1881-லேயே அதற்குப் பேடண்ட் வாங்கிவிட்டார். வெளி இரைச்சல் ஜோடியின் இரு இழைகளிலும் ஒரே மாதிரி ஏறுகிறது. கருவி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்ப்பதால் இரைச்சல் கழிந்துவிடுகிறது. நூல் முறுக்கின் அருமை தெரிந்த பள்ளிபாளையத்துத் தறிக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

கிட்டத்து வழி சாமி அறைச் சுவர். எலெக்ட்ரீஷியன் பையன் ட்ரில்லிங் மெஷினைத் தூக்கியதும், "சாமி செவுத்துல ஓட்டை போடாதீங்கடா" என்று கட்டிலிலிருந்து உத்தரவு வந்தது. பையன் சிரித்தான். "சுத்தியே போயிறலாங்க ஐயா. நூறு மீட்டர் வரைக்கும் ஒண்ணும் ஆகாதுங்க. நமக்கு நாப்பதுதான் வரும்." தாழ்வாரத்து ஓட்டடியில் பி.வி.சி. குழாய் போட்டு, மின்சார ஒயரைவிட்டு ஓரடி விலக்கிக் கொண்டு போனான்.

ஒரு கம்பி, இரண்டு சாதனம். தம்பி பரணிலிருந்து பழைய ரூட்டரை இறக்கினான். அதை அப்படியே சொருகினால் விவகாரந்தான். ஒரே தெருவில் இரண்டு அதிகாரிகள் வீடுகளுக்குக் கதவிலக்கம் கொடுக்கிற மாதிரி, இரண்டு ரூட்டரும் முகவரி வழங்கக் கிளம்பிவிடும். விலாசம் வழங்கும் வேலையை அதில் நிறுத்திவிட்டு, லேன் துவாரத்தில் சொருகலாம். பையன் அந்தச் சிரமமே வேண்டாமென்று ஐந்து துவாரமுள்ள ஸ்விட்ச் ஒன்றை வாங்கி வந்தான்.

சோதித்தபோது ஆயிரம் மெகாபிட்டுக்குப் பதில் நூறுதான் காட்டியது. நூறுக்கு இரண்டு ஜோடி போதும். ஆயிரத்துக்கு நான்கும் வேண்டும். நீல ஜோடியில் ஓர் இழை சரியாக அமரவில்லை. முனையை வெட்டி, முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காமல், மறுபடி கிரிம்ப் செய்தான். ஆயிரம் வந்தது.

அன்று மாலை மேலதிகாரியோடு ஐம்பது நிமிஷப் பேச்சு. நாங்கள் வெளியே மூச்சுவிடாமல் நின்றோம். கதவைத் திறந்துகொண்டு வந்தவள், "அறுக்கலீங்க பெரியப்பா" என்று சொல்லிவிட்டு நேரே பாட்டியிடம் போனாள்.

இரண்டு மாதமாகிறது. பெங்களூர்ப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. ஸ்விட்சில் இன்னும் இரண்டு துவாரம் காலியாகக் கிடக்கிறதே என்பதுதான் இப்போது தம்பியின் கவலை.