நகலெடுத்த கைகள்

பழைய கேமரா பித்துப் பிடித்தவர்கள் கூடும் இடத்தில் இரண்டு வாக்கியங்கள் தவறாமல் காதில் விழும். ஒன்று, "ஏழைகளின் லைக்கா." இன்னொன்று, "அது ரஷ்யன் காப்பிப்பா." சோவியத் யூனியனில் தயாரான ஃபெட், ஸோர்க்கி, கியெவ் கேமராக்களைப் பற்றித்தான் பேச்சு. கொஞ்சம் செல்லம், கொஞ்சம் இளக்காரம். என்னிடம் ஒரு ஸோர்க்கி-4 இருக்கிறது, பிறகு ஒரு ஃபெட்-2 வந்து சேர்ந்தது. இரண்டுக்கும் சேர்த்துக் கொடுத்த பணத்தில் ஒரு சுமாரான செல்ஃபோன்கூட வராது. வைத்துப் படமெடுக்க எடுக்க, அந்த இரண்டு வாக்கியங்களிலும் ஏதோ உறுத்த ஆரம்பித்தது. காப்பி என்பது உண்மைதான். "ரஷ்யன்" என்பதில்தான் சிக்கல்.

முதலில், இவை என்ன வகைக் கேமரா? ரேஞ்ச்ஃபைண்டரில் நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை, மேலே இருக்கும் சின்ன ஜன்னல் வழியாகப் பார்க்கிறோம். நடுவில் மங்கலாக ஒரு இரட்டை உருவம் தெரியும். லென்ஸைத் திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கி வந்து ஒன்றாகும். ஒன்றானால் ஃபோகஸ் சரி. ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் லைட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஆஸ்கர் பார்னாக் வடிவமைத்த லைக்கா 1925இல் லைப்ஸிக் சந்தையில் அறிமுகமானது. லென்ஸோடு இணைந்த ரேஞ்ச்ஃபைண்டர் 1932இல் லைக்கா இரண்டில் வந்தது.

இரண்டே வருடத்தில், 1934இல், அதன் நகல் உற்பத்திக்கு வந்துவிட்டது. இடம் ரஷ்யா அல்ல, உக்ரைனின் கார்கிவ். செய்தவர்கள் பெரும்பாலும் பதின்வயதுப் பிள்ளைகள்.

உள்நாட்டுப் போரும் பஞ்சமும் தெருவில் விட்ட அநாதைப் பிள்ளைகளுக்காக 1927இல் அங்கே ஒரு கம்யூன் தொடங்கப்பட்டது. நடத்தியவர் அந்தோன் மகரென்கோ. பிள்ளைகள் பாதி நாள் படிப்பார்கள், பாதி நாள் பட்டறையில் வேலை செய்வார்கள். கேமராவுக்கு முன்னால் மின்சாரத் துளைக்கருவி செய்தார்கள். கம்யூனுக்குப் பணமும் ஆதரவும் தந்தது ரகசியப் போலீஸ். அதனால்தான் அந்தப் பெயர்: ஃபெலிக்ஸ் எட்முந்தோவிச் ஜெர்ஜின்ஸ்கி, அந்தப் போலீஸை நிறுவியவர். அவருடைய பெயரின் முதல் எழுத்துகள் சேர்ந்ததுதான் ஃபெட். அநாதைப் பிள்ளைகள் செய்த கேமராவின் நெற்றியில் ரகசியப் போலீஸ் தலைவரின் பெயர். இதை முதன்முதலாகப் படித்த அன்று கேமராவைக் கையில் எடுக்கவே ஒரு மாதிரியாக இருந்தது.

நான் பிழைப்புக்கு மென்பொருள் எழுதுகிறவன். அடுத்தவர் செய்த பொருளைப் பிரித்து, எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டு, அதேபோல் ஒன்றைச் செய்வது எங்கள் தொழிலில் தினசரி நடப்பு. அதில் ஒரு விஷயம் தெரியும்: வடிவத்தை நகலெடுப்பது சுலபம். எவ்வளவு பிசகலாம், எங்கே பிசகவே கூடாது என்ற கணக்கை நகலெடுப்பதுதான் கஷ்டம். அந்தக் கணக்கு பொருளின் மேல் எழுதியிருக்காது, அதைச் செய்த பட்டறையின் பழக்கத்தில் இருக்கும். லைக்காவில் லென்ஸ் உட்காரும் இடத்துக்கும் ஃபிலிமுக்கும் இடையே 28.8 மில்லிமீட்டர் என்று ஒரு தரம் இருந்தது. எந்த லைக்கா லென்ஸையும் எந்த லைக்காவிலும் போடலாம். ஆரம்ப கால ஃபெட்டில் அப்படி இல்லை. ஒவ்வொரு உடலுக்கும் அதனதன் லென்ஸைப் பொருத்திச் சரிசெய்து அனுப்பினார்கள். ஒன்றின் லென்ஸைக் கழற்றி இன்னொன்றில் போட்டால் ஃபோகஸ் தப்பும். திருகு ஏறும், படம் தெளியாது.

என் ஸோர்க்கியின் ஷட்டர் ஒருமுறை சிக்கிக்கொண்டபோது, நாற்பது வருடமாகக் கேமரா ரிப்பேர் செய்யும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். மேல்மூடியைக் கழற்றி வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, ஜெர்மன்காரன் கேமரான்னா ஒண்ணைப் பிரிச்சுப் பார்த்தா போதும், மத்ததெல்லாம் அதே மாதிரிதான் இருக்கும். இது அப்படி இல்ல. ஒவ்வொண்ணும் ஒரு ஆளு அரத்தை வச்சுத் தேய்ச்சுப் பொருத்தியிருக்கான். இவன் கொஞ்சம் அவசரத்துல தேய்ச்சிருக்கான்." மாத முடிவில் இத்தனை உருப்படி என்று திட்டக் கணக்கு நெருக்கும் தொழிற்சாலையில் யாரோ ஒருவர் அவசரமாக வேலை பார்த்ததை, சென்னையில் ஒரு மேசை விளக்கின் கீழ் இன்னொரு தொழிலாளி கண்டுபிடித்துவிட்டார்.

நண்பர் ஒருவர் தன் லைக்கா மூன்று-சியை ஒரு வாரம் கொடுத்துவைத்தார். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் விரலுக்குத்தான் முதலில் தெரிகிறது. லைக்காவில் ஃபிலிமைச் சுற்றும் குமிழ் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் போகிறது. ஸோர்க்கியில் மாவரைக்கும் சத்தம் வராத குறை. லைக்காவின் ஷட்டர் முணுமுணுக்கும், ஸோர்க்கி கதவைச் சாத்தும். ஸோர்க்கியில் ஷட்டரை ஏற்றிய பிறகுதான் வேகத்தை மாற்ற வேண்டும், முன்னாலேயே திருப்பினால் உள்ளே ஏதாவது கெட்டுப்போகலாம்.

ஆனால் பழைய லைக்காவில் ஃபிலிம் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? அடிமூடியைக் கழற்றி, ஃபிலிமின் நுனியைக் கத்தரியால் நீளமாக வெட்டி, கீழேயிருந்து மேலே செருக வேண்டும். நின்றுகொண்டு செய்ய மூன்றாவது கை வேண்டும். 1955இல் வந்த ஃபெட்-2இல் பின்பக்கம் முழுசாகக் கழன்று வந்துவிடும், வெட்டவே தேவையில்லை. திருகு லென்ஸ் லைக்காவில் ஃபோகஸ் பார்க்க ஒரு ஜன்னல், படத்தின் எல்லை பார்க்க இன்னொன்று. ஃபெட்-2இலும் ஸோர்க்கி-4இலும் இரண்டும் ஒரே ஜன்னலில். கண்ணாடி போட்டவர்கள் பார்வைக்கேற்பச் சரிசெய்துகொள்ள ஒரு சின்ன நெம்புகோலும் உண்டு. லைக்காவும் இவற்றில் சிலவற்றை 1954இல் எம்-3 வந்தபோது இன்னும் அழகாகத் தீர்த்தது. ஆனால் கார்கிவிலும் மாஸ்கோ அருகே கிராஸ்னகோர்ஸ்கிலும் இருந்த பொறியாளர்கள் வெறுமனே பார்த்து எழுதவில்லை, யோசித்திருக்கிறார்கள்.

லென்ஸ் கதை இன்னும் சுவாரசியம். ஸோர்க்கியோடு வந்த ஜூபிடர்-8, ஸெய்ஸ் நிறுவனத்தில் லுட்விக் பெர்டலே வடிவமைத்த ஸோனாரின் வாரிசு. நண்பரின் எல்மாரையும் இதையும் வைத்து ஒரே ஃபிலிம், ஒரே வெளிச்சத்தில் எடுத்து, அச்சிட்டு, எது எதில் எடுத்தது என்று சொல்லாமல் அவரிடமே காட்டினேன். எஃப் 8இல் எடுத்த படங்களில் பாதிக்குமேல் மாற்றிச் சொன்னார். எதிர்வெயிலில் எடுத்தவற்றில் மட்டும் உடனே கண்டுபிடித்தார்: ஜூபிடரில் கறுப்பு சாம்பலாக வெளிறியிருந்தது.

கியெவ் கேமராவிடம் வந்தால் அசல், நகல் என்ற பேச்சே குழம்பிவிடுகிறது. 1936இல் ட்ரெஸ்டனில் ஸெய்ஸ் ஐக்கான் வெளியிட்ட கான்டாக்ஸ் இரண்டு, லைக்காவுக்குச் சரியான போட்டி. உலோகப் பட்டைகளாலான ஷட்டர், நீளமான ரேஞ்ச்ஃபைண்டர். போர் முடிந்ததும் ட்ரெஸ்டன் சோவியத் பிடியில். போர் இழப்பீடாகக் கான்டாக்ஸுக்கான கருவிகள் ஜெனாவில் மறுபடி தயாராகி, கீவ் நகரின் அர்செனல் ஆலைக்குப் போயின. ஆரம்ப காலக் கியெவ்களில் ஜெர்மன் பாகங்களே இருக்கும். அதே வடிவமைப்பு சிறு மாற்றங்களோடு 1980கள் வரை தயாரானது. மேற்கு ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் ஸெய்ஸ் ஐக்கான் 1950இல் கொண்டுவந்த கான்டாக்ஸ் இரண்டு-ஏ, உள்ளே வேறு கேமரா. பெயர் ஸ்டுட்கார்ட்டுக்குப் போனது, இயந்திரம் கீவுக்குப் போனது. இதில் எதை அசல் என்பது?

சரி, லைக்காவாவது கலப்படமில்லாத ஜெர்மன் அசலா? லைட்ஸ் குடும்பம் நாஜிக் காலத்தில் தங்களிடம் வேலை பார்த்த யூதர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பிக் காப்பாற்றியது, அது பதிவான வரலாறு. அதே போர்க்காலத்தில் அதே ஆலையில் உக்ரைனிலிருந்து கொண்டுவரப்பட்ட பெண்கள் நூற்றுக்கணக்கில் கட்டாய உழைப்பில் இருந்தார்கள் என்பதும் வரலாறு. குடும்பத்தைச் சேர்ந்த எல்ஸி குன்-லைட்ஸ் அந்தப் பெண்களின் நிலையைச் சற்று மேம்படுத்த முயன்றார். ஒரு யூதப் பெண் தப்பிக்க உதவியதற்காக 1943இல் கெஸ்டாபோ அவரைக் கைது செய்தது. நண்பரின் மூன்று-சி 1940இல் தொடங்கி போரினூடே தயாரான வரிசை. அந்த வெண்ணெய்க் குமிழை எந்தக் கை பொருத்தியது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அந்த வருடங்களில் கார்கிவ் ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்தது. ஃபெட் ஆலையைச் சைபீரியாவின் பெர்த்ஸ்க்குக்கு மாற்றியிருந்தார்கள். போருக்குப் பிறகு கார்கிவ் மறுபடி எழும்வரை இடைவெளியை நிரப்ப, 1948இல் கிராஸ்னகோர்ஸ்கில் தொடங்கியதுதான் ஸோர்க்கி. ஆக, ரஷ்யன் என்று சொல்லத்தக்கது இந்த மூன்றில் இது ஒன்றுதான். அதுவும் கார்கிவின் வாரிசு.

என் ஃபெட்-2ஐ 2021 கடைசியில் கார்கிவில் ஒருவரிடம் வாங்கினேன். ஷட்டருக்குப் புதுத் துணி போட்டு, எண்ணெய் மாற்றி, எதை எப்போது திருப்பக் கூடாது என்று ஒரு தாளில் எழுதி, கூட ஒரு மிட்டாயும் வைத்து அனுப்பியிருந்தார். 2022 பிப்ரவரியில் நகரத்தின் மேல் குண்டு விழத் தொடங்கியதும் ஒரு செய்தி அனுப்பினேன். மூன்று வாரம் பதில் இல்லை. பிறகு வந்தது, இரண்டே வரி: குடும்பம் உயிரோடு இருக்கிறது. கேமராக்கள் நிலவறையில் இருக்கின்றன, இப்போதைக்குத் தபால் போகாது.

அதற்குப் பிறகு "ரஷ்யன் காப்பி" என்று யாராவது சொன்னால் "உக்ரைன் கேமராங்க" என்று திருத்திவிடுகிறேன். கேட்பவர்களுக்கு அலுப்பாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் சாதாரணமானது. கை நிறையப் பணமும், போய்ப் பார்க்க ஒரு நல்ல ரிப்பேர்காரரும் இருந்தால் லைக்கா வாங்குங்கள், அந்தக் குமிழுக்காகவே. இல்லையென்றால் யாராவது சமீபத்தில் திறந்து சரிசெய்த ஃபெட்-2ஐத் தேடுங்கள். நாஜி முத்திரையோடு, தங்க நிறத்தில் மின்னும் 'லைக்கா' மலிவாகக் கிடைத்தால் அது அநேகமாகப் பெயரைச் சுரண்டி எழுதிய ஃபெட் அல்லது ஸோர்க்கிதான், வாங்காதீர்கள். அவை தங்கள் சொந்தப் பெயரிலேயே நன்றாகப் படமெடுக்கும்.