எவ்வளவு என்று கேட்டால்

விபத்து கப்பலில் நடந்தாலும் சரி, குடும்பத்தில் நடந்தாலும் சரி, முதலில் வெளியே வரும் கணக்கு சின்னதாகத்தான் இருக்கும். "பெரிசா ஒண்ணுமில்லை" என்றுதான் பேச்சு தொடங்கும். அப்புறம் நாளாக நாளாக அது வளரும். கடைசியில் உண்மைக் கணக்கு தெரிய வரும்போது, அதைக் கொண்டு செய்ய வேண்டிய வேலைக்கு நேரம் கடந்திருக்கும்.

மணிமுத்தாறு அணையில் நீர்மட்டம் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவதே என் உத்தியோகமாக இருந்தது. நீர்மட்டம் எத்தனை அடி, வரத்து எத்தனை கன அடி, திறப்பு எத்தனை கன அடி என்று எழுதி எழுதியே தலை நரைத்தது. 118 அடி அணையில் ஒரு அடி கூடினால் என்ன, குறைந்தால் என்ன என்று வெளியாள் நினைக்கலாம். மேலே மாஞ்சோலையில் மழை கொட்டும் ராத்திரியில், கீழே தாமிரபரணிக் கரையில் படுத்துத் தூங்குகிறவனுக்கு அந்த ஒரு அடிதான் உயிர். அதனால் யாராவது ஓர் எண்ணைச் சொன்னால், அது எங்கிருந்து வந்தது, யார் அளந்தார்கள் என்று கேட்பது எனக்குப் பழகிவிட்டது.

எண்ணூர்க் கடலில் எண்ணெய் கொட்டியபோதும் அதைத்தான் கேட்டேன்.

2017 ஜனவரி 28. விடிய நாலு மணி வாக்கில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எரிவாயுவை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த பி.டபிள்யூ. மேப்பிள் ஒன்று. பெட்ரோலியப் பொருள் ஏற்றிக்கொண்டு வந்த டான் காஞ்சிபுரம் மற்றொன்று. சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பு எதுவும் இல்லை என்றது துறைமுகத்தின் முதல் அறிக்கை. கரையோ வேறு கதை சொன்னது. எர்ணாவூர்ப் பக்கம் பாறைகளுக்கு நடுவே ஃபர்னஸ் ஆயில் கெட்டியாக ஒதுங்கியது. கப்பல் எஞ்சினுக்கு ஊற்றும் கனத்த, கறுத்த எண்ணெய் அது. தெற்கே திருவொற்றியூர், மெரினா, பெசன்ட் நகர் என்று இழுத்துக்கொண்டு போனது. பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரைக்கு வரும் பருவம் அது. செத்து ஒதுங்கிய ஆமைகளின் படங்களை நாளிதழ்களில் பார்த்தோம்.

அடுத்து வந்த கணக்கு இருபது டன் என்றது. பிறகு பல நிறுவனங்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டபோது 196 டன் என்றும் 251 டன் என்றும் வந்தது. ஒன்றுமில்லை என்று ஆரம்பித்தது, இருபதாகி, இருநூறைத் தாண்டியது.

என் தங்கை மகன் அப்போது சென்னையில் படித்துக்கொண்டிருந்தான். கூடப் படிக்கும் பிள்ளைகளோடு கரைக்குப் போய் வாளி தூக்கினான். சாயங்காலம் போன் பண்ணினான். "மாமா, தண்ணியே தெரியல. தார் மாதிரி கெடக்கு. உறிஞ்சுத மெசினு அடைச்சுக்கிட்டு நிக்கி, நாங்க வாளியால அள்ளுதோம்" என்றான். கழிவுநீர் உறிஞ்சும் லாரிகளைக் கொண்டுவந்தார்கள். குப்பையும் எண்ணெயும் பிசைந்து கெட்டியாகிவிட்டதால் குழாய் இழுக்க முடியவில்லை. மீனவர்கள், தீயணைப்புத் துறையினர், மாணவர்கள் என வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி அள்ளினார்கள். கையுறை எல்லாருக்கும் வாய்க்கவில்லை. ராத்திரி தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்துத் தேய்த்துத்தான் கையில் ஒட்டியது போயிற்றாம். நாற்றம் மட்டும் போகவில்லை என்றான்.

இருபது டன்னுக்கு ஆயத்தம் செய்கிறவன் ஒரு மாதிரி செய்வான், இருநூறு டன்னுக்குச் செய்கிறவன் வேறு மாதிரி செய்வான். நம் நாட்டில் இதற்கென்று தேசியத் திட்டமே இருக்கிறது. கடலோரக் காவல் படைதான் பொறுப்பு. 700 டன் வரை உள்ளூர் வசதியே சமாளிக்க வேண்டும். 10,000 டன் வரை சுற்று வட்டாரத்து உதவி வர வேண்டும். அதற்கும் மேலே போனால் நாடே இறங்க வேண்டும் என்று படி வைத்திருக்கிறார்கள். மிதவைத் தடுப்பு எத்தனை மீட்டர் வேண்டும், எத்தனை ஆள் வேண்டும், அள்ளியதை எங்கே கொட்டுவது என்பதெல்லாம் முதலில் சொல்லும் எண்ணைப் பொறுத்தது. அந்த எண் சின்னதாக இருந்தால் ஆயத்தமும் சின்னதாகத்தான் இருக்கும்.

கடலில் கொட்டிய எண்ணெயை அளப்பது சுலபமில்லை என்பதும் நியாயம்தான். பறந்து பார்க்கிறவர்கள் நிறத்தை வைத்துக் கணிக்கிறார்கள். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு மைக்ரான் கனத்துக்கு எண்ணெய் படர்ந்தால் ஆயிரம் லிட்டர். வெள்ளி மினுமினுப்பாகத் தெரிந்தால் சதுர கிலோமீட்டருக்கு 40 முதல் 300 லிட்டர். வானவில் நிறம் காட்டினால் 300 முதல் 5,000. உலோகப் பளபளப்பு வந்தால் 5,000 முதல் 50,000. எண்ணெயின் சொந்தக் கறுப்பே தொடர்ச்சியாகத் தெரிந்தால் இரண்டு லட்சம் லிட்டருக்கும் மேல். ஐரோப்பியக் கடலோர நாடுகள் வகுத்த அட்டவணை இது. ஒரு நிறத்தை இன்னொன்றாகப் பார்த்துவிட்டால் கணக்கு பத்து மடங்கு புரண்டுவிடும் என்பது இதிலேயே தெரிகிறது.

அள்ளியதை எடைபோட்டுச் சொல்லலாமே என்றால், அங்கேயும் ஒரு பள்ளம் உண்டு. கனத்த எண்ணெய் அலையில் அடிபட்டுத் தண்ணீரைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும். மூன்று மடங்கு, நான்கு மடங்கு கூடப் பெருகும். கரைக்கு வந்ததும் மணலும் சேரும். அள்ளிய கசடு நூறு டன் என்றால் கொட்டிய எண்ணெய் நூறு டன் என்று அர்த்தமில்லை. தண்ணீரையும் மணலையும் கழிக்காமல் சொன்னால் அது இன்னொரு பக்கத்துப் பொய்.

கூட்டிச் சொல்வதும் யாரோ ஒருவர் வயிற்றில்தான் அடிக்கும். எண்ணூர் விபத்துக்குப் பிறகு சென்னையில் மீன் வாங்கவே ஜனங்கள் யோசித்தார்கள். எண்ணெய் தொடாத கடலில் பிடித்த மீனும் கூடையிலேயே கிடந்தது.

அதற்காக, தெரியாது என்று கையை விரிக்கவும் வேண்டியதில்லை. உச்ச வரம்பை முதல் நாளே சொல்லிவிட முடியும். 2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் மூழ்கியபோது, அதன் தொட்டிகளில் 84.44 டன் டீசலும் 367.1 டன் ஃபர்னஸ் ஆயிலும் இருந்தன என்று உடனே அறிவித்தார்கள். இதற்கு மேல் கொட்ட வழியில்லை என்று எல்லாருக்கும் தெரிந்தது. கரையில் இருக்கிறவன் எதற்குத் தயாராக வேண்டும் என்பதை அந்த எண் சொன்னது.

கடலுக்கடியில் கிணறே வெடித்தால்தான் உச்ச வரம்பும் தெரியாமல் போகிறது. 2010 ஏப்ரல் 20-இல் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் தளம் வெடித்து 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். நாளொன்றுக்கு 1,000 பீப்பாய் கசிகிறது என்றார்கள் முதலில். சில நாளில் அது 5,000 ஆயிற்று. கசியும் குழாயின் வீடியோ மே மாதம் வெளியே வந்த பிறகு, பர்டூ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்டீவ் வெர்லி, படத்தில் எண்ணெய் நகரும் வேகத்தை அளந்து 70,000 என்றார். அதன்பிறகு அரசே விஞ்ஞானிகள் குழு போட்டது. ஆரம்பத்தில் நாளுக்கு 62,000, போகப் போக 53,000, 87 நாளில் மொத்தம் 49 லட்சம் பீப்பாய் என்று அந்தக் குழு முடித்தது. 2015-இல் நீதிமன்றம் அரசு, எண்ணெய் நிறுவனம் என இரு தரப்பையும் கேட்டுக் கடலில் கலந்தது 31.9 லட்சம் என்று தீர்த்தது. பீப்பாய்க்கு இவ்வளவு அபராதம் என்பது அங்கே சட்டம். கொட்டியவனே கணக்கும் சொன்னால் எந்தப் பக்கம் சாயும் என்று நான் எழுத வேண்டியதில்லை. அந்த முதல் குறைந்த கணக்கு, கிணற்றை அடைக்கும் திட்டத்தையே பாதித்திருக்கலாம் என்று விசாரணை ஆணையத்தின் ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

இதெல்லாம் கடல் விவகாரம், மலையடிவாரத்துக் கிழவனுக்கு ஏன் என்று கேட்கலாம். 2023 டிசம்பரைப் பாருங்கள். மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்து எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் இறங்கியது. அதே மாதம் 17, 18 தேதிகளில் நம் பக்கம் வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி ஊருக்குள் வந்தது. எண்ணூரில் வலை இழந்தவனும் ஏரலில் கடை இழந்தவனும் அதிகாரியிடம் கேட்டது ஒரே கேள்விதான்: இன்னும் எவ்வளவு வரும்?

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எங்கள் மூத்த ஊழியர் ஒருவர் கற்றுக்கொடுத்த முறை உண்டு. குறைந்தபட்சம் இவ்வளவு, மிஞ்சிப்போனால் இவ்வளவு, இப்படித்தான் தெரியும் என்று மூன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கரையில் இருப்பவனுக்கு மிஞ்சிப்போனால் எவ்வளவு என்பது முக்கியம், ஏனென்றால் மாட்டை அவிழ்ப்பதா வேண்டாமா என்று அவன் முடிவெடுக்க வேண்டும். கணக்கு மாறினால் மறைக்காமல் மாற்றிச் சொல்ல வேண்டும். மாற்றிச் சொன்னால் மரியாதை போய்விடும் என்று பயப்படுகிறவன் அளவு பார்க்கும் வேலைக்கு லாயக்கில்லை என்பார்.

இந்த முறை வீட்டுக்கும் பொருந்தும் என்பதைக் கண்ணால் கண்டேன். எங்கள் தெருவில் கடை வைத்திருந்த ஒருவருக்குக் கடன் ஏறிப் போயிருந்தது. உறவுக்காரர்கள் கூடி உட்கார்ந்து கேட்டார்கள். "எவ்வளவு வே இருக்கும்?" "கொஞ்சந்தான் அண்ணாச்சி, ஒரு ஐம்பது." அந்த ஐம்பதாயிரத்தைத் திரட்டிக் கொடுத்தார்கள். அடுத்த மாதம் ஒரு லட்சம் வெளியே வந்தது. அதற்கும் ஒரு நகை போனது. அப்புறம் மூன்று லட்சம். அதற்குள் கொடுக்கிற கையெல்லாம் ஓய்ந்துபோய்விட்டது. முதல் நாளே நாலரை லட்சம் என்று சொல்லியிருந்தால் கடையை விற்று, கடன்காரர்களை ஒரே இடத்தில் உட்கார வைத்துப் பேசி, அந்த நகையையாவது காப்பாற்றியிருக்கலாம். பணம் போனதைவிட, அடுத்த முறை அவர் உண்மையே சொன்னாலும் நம்ப ஆளில்லாமல் போனதுதான் பெரிய நஷ்டம்.

அவர் கெட்டவரில்லை. கொஞ்சம் என்று சொல்கிற எவரும் பெரும்பாலும் கெட்டவரில்லை. வெட்கம் ஒன்று, நாளைக்குச் சரியாகிவிடும் என்ற நப்பாசை ஒன்று. இந்த இரண்டும் சேர்ந்தால் எந்த எண்ணும் சுருங்கிவிடும். டாக்டரிடம் எத்தனை நாளாய் வலி என்றால் நேற்றிலிருந்து என்கிறோம். பரீட்சையில் எத்தனை பாடம் போச்சு என்றால் ஒன்று என்கிறான் பையன்.

அதனால் பிள்ளைகளே, உங்களிடம் யாராவது எவ்வளவு என்று கேட்டால் உங்கள் வாயில் முதலில் வரும் எண்ணைச் சொல்லாதீர்கள். மிஞ்சிப்போனால் எவ்வளவு என்று கணக்குப் போட்டு, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உங்களால் நிதானமாக அளக்க முடியாத நேரம் வந்தால், அந்த விஷயத்தில் லாப நஷ்டம் இல்லாத ஒருவரை அளக்கச் சொல்லுங்கள். பெரியவர்களே, பிள்ளை பெரிய எண்ணைச் சொல்லும்போது கத்தாதீர்கள். கத்துகிற வீட்டில் அடுத்த முறை கொஞ்சந்தான் என்ற பதில்தான் வரும்.